அநியாயம் என்று எழுதியது யார்?

கேள்வி: பன்றி தின்னாதே, கம்பளியும் லினனும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்கிறது யூத மதம். இதற்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நல்லது கெட்டது எல்லாமே அவரவர் மனசைப் பொறுத்ததுதானே? பி.கு.: தீபாவளி இதழில் என் கேள்விக்குப் பரிசு அறிவித்தீர்கள். பணம் இன்னும் வரவில்லை. இது அநியாயம்.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: கேள்வியைவிடப் பின்குறிப்பு பிரமாதம். எல்லாம் அவரவர் மனசு என்றால், பணம் அனுப்பாதது எங்கள் கணக்காளர் மனசைப் பொறுத்தது. விசாரித்துவிட்டேன், அவர் மனசு சுத்தமாக இருக்கிறது. என் ஆட்டோ பில்களையும் அதே சுத்தத்தோடுதான் நிறுத்தி வைத்திருக்கிறார். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். 'அநியாயம்' என்று எழுதி மாட்டிக்கொண்டீர்கள். கணக்காளரும் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்றல்லவா எதிர்பார்க்கிறீர்கள்!

நீங்கள் சொல்லும் துணி யூத வேதத்தில் லேவியராகமம் என்ற நூலின் 19ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆறு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள்: கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. (கணக்காளருக்குப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.) குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே என்பதும் அங்கேதான். எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தாலும், எல்லாம் ஒரே ரகம் என்று ரபிகள், அதாவது யூத மத குருமார்கள், சாதிக்கவில்லை. கொலையும் களவும் கூடாதென்று வேதத்தில் எழுதாமல் போயிருந்தாலும் மனிதர்களே எழுதியிருக்க வேண்டும். பன்றியும் கலப்புத் துணியும் அப்படியல்ல, விதித்தது விதித்ததுதான் என்று ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்முதே பிரித்து வைத்திருக்கிறது. எலெயாசர் பென் அசரியா என்ற ரபி இன்னும் சுவாரசியம். 'பன்றி எனக்குப் பிடிக்காது' என்று சொல்லாதே, 'ஆசைதான், என்ன செய்ய, பரலோகத்துத் தகப்பன் வேண்டாமென்று சொல்லிவிட்டாரே' என்று சொல் என்றார். நாக்கில் எச்சில் ஊறலாம், தப்பில்லை. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் இதற்கு வரம்பு கட்டினார்: இந்தச் சலுகை பன்றிக்கும் துணிக்கும்தான், கொலைக்கும் திருட்டுக்கும் ஆசைப்படுவதே கோளாறு.

உடனே 'பன்றியில் புழு இருக்கிறது, அதனால்தான் சார்' என்று சிலர் கார்டு எழுதுவார்கள். மாவிலைத் தோரணத்தில் கிருமிநாசினி கண்டுபிடிக்கும் இந்தக் கோஷ்டியோடு எனக்குப் பழைய தகராறு. பன்றி இறைச்சியில் வரும் டிரிக்கினெல்லா புழுவை விஞ்ஞானம் கண்டது 1835இல். அதே தடைப் பட்டியலில் ஒட்டகமும் முயலும் இருக்கின்றனவே, அவற்றுக்கு எந்தப் புழுவைக் கொண்டுவருவார்கள்?

அவரவர் மனசு போதாது, சரி. கடவுள் சொன்னால் போதுமா? தல்முதில் ஓர் அடுப்புத் தகராறு உண்டு, அது தீட்டா இல்லையா என்று. ஒரு ரபி தன் கட்சிக்கு மரத்தைப் பெயர்ந்து நகர வைத்தார், ஓடையைத் திருப்பி ஓட வைத்தார். யாரும் மசியவில்லை. கடைசியில், 'அவர் சொல்வதே சரி' என்று வானத்திலிருந்து அசரீரியே வந்தது. யோசுவா என்ற ரபி எழுந்தார்: 'சட்டம் இப்போது வானத்தில் இல்லை.' பெரும்பான்மைத் தீர்ப்பே நின்றது. கடவுளோ, 'என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்' என்று சிரித்தாராம். நம் கட்சிகளில் எவராவது எழுந்து மேலிடத்திடம் இப்படிச் சொல்லட்டும், பரிசுப் பணத்தை நானே கையிலிருந்து தருகிறேன்.