டீம் தடுமாறுகிறது, ரீஜனலை விட்டுவிடலாமா? – கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி (புல், சேறு, மேடு என்று திறந்தவெளியில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) சீசன் முடியும் நேரம். கான்ஃபரன்ஸ் போட்டி (கல்லூரிகள் சேர்ந்த ஒரு குழுவுக்குள் நடப்பது) முடிந்துவிட்டது, இரண்டு வாரத்தில் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) ரீஜனல், அதாவது நேஷனலுக்கு ஆள் தேர்வாகும் வட்டாரப் போட்டி. சீசன் முழுக்கச் சறுக்கிய டீம்களில் எல்லாம் இப்போது ஒரே பேச்சு: "போகத்தான் வேண்டுமா?" ஓடும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், ஒன்றிரண்டு துணைக் கோச்கள் என்று பலரும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல் பிரிவு) டீம்களில் சில ஆண்டுகள் துணைக் கோச்சாக இருந்தவன் என்கிற முறையில் பதில் சொல்கிறேன். டிவிஷன் 2, 3 கணக்கு வேறு, அதை இங்கே கலக்கவில்லை.

ஒரு தந்தை: மகனுடைய டீம் கான்ஃபரன்ஸில் கடைசிக்கு முந்தைய இடம். ரீஜனலுக்குப் போகாமல் இருக்கலாமா என்று கோச் யோசிக்கிறாராம். அப்படி விட்டுவிட விதி இடம் கொடுக்குமா?

கொடுக்கும். நாட்டை ஒன்பது ரீஜன்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த ரீஜனில் இருக்கும் டிவிஷன் 1 டீம் எதுவானாலும் பெயர் கொடுக்கலாம், தகுதிச் சுற்று கிடையாது. கொடுக்காமலும் இருக்கலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை.

ஆனால் கோச் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். கிராஸ் கன்ட்ரி நடத்துகிறோம் என்று ஒரு கல்லூரி கணக்குக் காட்ட, சீசனில் குறைந்தது ஆறு போட்டி, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து பேர் ஓடியிருக்க வேண்டும். காயத்தால் ஆள் குறைந்த டீம்கள் செப்டம்பரில் ஒரு போட்டிக்கு நாலு பேரை அனுப்பிவிட்டு மறந்துபோவார்கள். அந்தப் போட்டி கணக்கில் சேராது. நவம்பரில் எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் இருக்கும். அப்படியிருந்தால் ரீஜனலை விடுவது பற்றிய பேச்சே இல்லை.

ஓடும் மாணவர், முதலாம் ஆண்டு: எப்படியும் நேஷனலுக்குப் போகப்போவதில்லை. பத்து கிலோமீட்டர் ஓடி அவமானப்பட எதற்கு?

தம்பி, முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ரீஜனலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேஷனலுக்குப் போகமாட்டார்கள். நேஷனலில் இடம் 31 டீமுக்குத்தான். ஒவ்வொரு ரீஜனிலும் முதல் இரண்டு டீம் நேராகப் போகும், அது 18. மீதி 13 இடம் சீசன் முழுக்க யாரை யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துக் கொடுப்பது. மற்ற எல்லாருக்கும் சீசன் ரீஜனலோடு சரி. பத்தாவது வந்த டீமும் இருபத்தைந்தாவது வந்த டீமும் ஒரே மாதிரி பஸ் ஏறித்தான் ஊர் திரும்பும். உன்னை யாரும் தனியாக நிறுத்தி வைத்துப் பார்க்கப்போவதில்லை.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். ஆண்களுக்குக் கான்ஃபரன்ஸ் வரைக்கும் பெரும்பாலும் எட்டு கிலோமீட்டர். ரீஜனலில் அது பத்தாகிறது. உயர்நிலைப் பள்ளியில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த பையனுக்கு இது இரண்டு மடங்கு. (பெண்களுக்கு இந்தத் தாவல் இல்லை, ரீஜனலிலும் ஆறுதான்.) அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று பயிற்சியில் சொல்லித்தர முடியாது.

நான் பார்த்த ஒரு முதலாம் ஆண்டுப் பையன், பத்து கிலோமீட்டரை எட்டு என்று நினைத்து ஓடினான். ஐந்தாவது கிலோமீட்டரில் வேலி ஓரம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது, அந்த இடத்தில் சிரிக்க மூச்சு மிச்சம் இருக்கக் கூடாது என்பதால் அல்ல, அவனைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மூன்றாம் ஆண்டு, நாலாம் ஆண்டு ஆட்கள் என்பதால். எட்டாவது கிலோமீட்டரில் தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது. முழங்கால் வரை சேறு, ஒரு கால் ஸ்பைக் ஷூவின் நாடா அவிழ்ந்து ஆடுகிறது, அதைக் குனிந்து கட்டவும் தெம்பில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரில் அறுபது பேராவது அவனைத் தாண்டியிருப்பார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் அவன் என்னைப் பார்க்கவே இல்லை. முன்னால் ஓடியவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனான். அந்த முதல் வருடத்தை நாங்கள் விட்டிருந்தால், அந்த அடியை இரண்டாம் ஆண்டில்தான் வாங்கியிருப்பான்.

துணைக் கோச் ஒருவர்: ஏழு பேரில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்குக் கணுக்கால். மீதி நாலு பேர் நல்லாத்தான் இருக்கிறார்கள். டீமாக விலகிவிடுவது நல்லதா?

"டீமாக" என்கிற வார்த்தைதான் உங்களைக் குழப்புகிறது. உங்கள் முன்னால் இருப்பது ஒரு கேள்வி இல்லை, ஏழு. ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகப் பதில் எழுதுங்கள். இந்தப் பையன் இப்போது பந்தயம் ஓடும் நிலையில் இருக்கிறானா? ஓடினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? ஓடினால் டிசம்பரில் தொடங்கும் உள்ளரங்க சீசனில் எதை இழப்பான்? ஏழு பதிலையும் எழுதி முடித்தபின் 'ஆம்' எத்தனை என்று எண்ணுங்கள்.

ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டியதுதான் டீமின் புள்ளி, குறைவாக இருப்பவர் ஜெயிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் சரியாக ஐந்து 'ஆம்' இருந்தால் கவனம். ஒருத்தன் பாதியில் நின்றாலும் டீமுக்குப் புள்ளியே இல்லை. எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ஐந்து பேரோடு போனோம். ஏழாவது கிலோமீட்டரில் ஒரு பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டினான். மற்ற நாலு பேரும் உயிரைக் கொடுத்து ஓடி வந்து, முடிவுப் பலகையில் கல்லூரிப் பெயரைத் தேடினார்கள். இல்லை. அந்தப் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் வேன் ஊர் வந்து சேரும்வரை அவன் தலை நிமிரவில்லை. ஐந்தாவது ஆள் சந்தேகத்துக்குரியவன் என்றால், பந்தயத்துக்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: இன்று டீம் புள்ளி இல்லை, அவரவர் பந்தயம். நாங்கள் அதைச் சொல்லாமல் விட்டோம்.

நாலுதான் 'ஆம்' என்றால் நாலு பேரைத் தனி ஓட்டக்காரர்களாகக் கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல்காரர்களை வீட்டில் விடுங்கள். ஐந்து என்று காட்டுவதற்காகக் காய்ச்சலில் ஒருவனை எழுப்பி ஓட விடுவதற்கு நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு தாய்: மகளுக்குக் கெண்டைக்கால் எலும்பில் மூன்று வாரமாக வலி. "ரீஜனல் முடியட்டும், அப்புறம் ஓய்வு" என்கிறாள். கோச்சும் மறுக்கவில்லை.

அம்மா, ஒரு விரலால் "இங்கேதான்" என்று எலும்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாளா? அந்தக் காலில் மட்டும் குதிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறாளா? படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் பந்தயம் வேண்டாம். கால் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் குறைந்தால் அது பெரும்பாலும் வேறு வகை. ஆனால் அதையும் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எலும்பில் அழுத்தக் காயம் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐயில் தெரியும். "எக்ஸ்ரே கிளியர்" என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். வலி இடுப்பு மூட்டிலோ தொடை இடுக்கிலோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கூச்சப்படாமல் இன்னொன்றும் கேளுங்கள்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? ஓட்டத்துக்கு வேண்டிய அளவு சாப்பிடாமல் ஓடும் பெண்களிடம் முதலில் நிற்பது அதுதான். அப்புறம் எலும்பு பலவீனமாகும். பையன்களுக்கும் இது வரும், வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். இரும்புச்சத்துக்கு ஃபெர்ரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சீசன் முழுக்கச் சறுக்கிய டீமில் "மனதில் உறுதி இல்லை" என்று திட்டு வாங்கும் பெண்களில் சிலருக்குக் குறைவது உறுதி இல்லை, இரும்பு.

கோச் மறுக்கவில்லை என்கிறீர்கள். காயம் பற்றிய கடைசி முடிவு மருத்துவக் குழுவுடையது, கோச்சுடையது இல்லை. என்சிஏஏ விதியே அப்படித்தான். உங்கள் மகள் நேராக மருத்துவக் குழுவின் டிரெய்னரிடம் போகட்டும்.

ஓடும் மாணவி: இந்த சீசனில் இரண்டு போட்டிதான் ஓடினேன். ரீஜனலை விட்டால் இந்த வருடம் ரெட்ஷர்ட் ஆகுமா?

ஆகாது. (ரெட்ஷர்ட் என்றால் போட்டியில் ஓடாமல் இருந்து, அந்த வருடம் தகுதிக் கணக்கில் சேராமல் காப்பது.) கிராஸ் கன்ட்ரியில் ஒரு போட்டி ஓடினாலே அந்த சீசன் கணக்கில் போய்விடும். காயம் காரணமாகத் திரும்பப் பெற வழி உண்டு. அதற்குக் காயம் சீசனின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும், மிகக் குறைந்த போட்டிகளே ஓடியிருக்க வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். நல்ல உடம்போடு ரீஜனலை மட்டும் விடுவதால் எதுவும் மிச்சமாகாது.

இதையே திருப்பிப் பாருங்கள். சீசன் முழுக்க ஒரு போட்டியும் ஓடாமல் வைத்திருக்கும் முதலாம் ஆண்டு ஆளை, ஆள் குறைகிறது என்று ரீஜனலில் இறக்கிவிடுகிற கோச்கள் உண்டு. ஒரு பந்தயத்துக்காக அந்தப் பிள்ளையின் ஒரு முழு வருடம் போகிறது. இருபத்தி இரண்டாவது இடத்தை இருபதாக்க அந்த விலையா? தகுதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே யார் வாய்ச்சொல்லையும், என்னுடையதையும் சேர்த்து, நம்பாமல் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு ரசிகர்: எங்கள் டீம் செப்டம்பரில் பெரிய டீம்களை ஜெயித்தது. அக்டோபரில் சரிந்துவிட்டது. ரீஜனலை விட்டு ஓய்வெடுத்தால், பழைய வெற்றிகளை வைத்து அந்த 13 இடத்தில் ஒன்று கிடைக்காதா?

ரீஜனல் ஓடாமல் நேஷனல் இல்லை. உங்கள் டீம்தான் கட்டாயம் போக வேண்டிய டீம். அந்த 13 இடங்களுக்கான கணக்கில், நேஷனலுக்குத் தேர்வான டீம்களைச் சீசனில் ஜெயித்திருந்தால் புள்ளி சேரும். தோற்றதற்குக் கழிக்க மாட்டார்கள். செப்டம்பர் வெற்றிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அக்டோபர் தோல்விகள் அவற்றை அழிக்கவில்லை. ரீஜனலில் மூன்றாவதோ நாலாவதோ வந்தால் நம்பிக்கை இருக்கிறது.

ஓய்வு பற்றி: பெரிய டீம்கள் ரீஜனலில் முழு மூச்சாக ஓடுவதில்லை. எட்டு நாளில் நேஷனல் என்பதால் ஐந்தாறு பேர் சேர்ந்தே ஓடி, இரண்டாவது இடத்துக்குள் வந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் டீமுக்கு அந்த வசதி கிடையாது. முதல் ஆளை ஊக்குவிப்பதை விட்டுவிட்டு ஐந்தாவது ஆளைப் பாருங்கள். முதல் ஆள் பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு முன்னேறினால் நாலு புள்ளி லாபம். ஐந்தாவது ஆள் நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போனால் நாற்பது புள்ளி நஷ்டம்.

ஓடும் மாணவர்: இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கூடுதலாகப் பயிற்சி செய்து சரிக்கட்ட முடியுமா?

முடியாது. ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறை, வேகத்தைக் குறைக்காதே. தூங்கு.

ஒரு கோச்: பணம்தான் பிரச்சினை. ரீஜனல் பயணச் செலவு எங்கள் கையிலிருந்து. அந்தப் பணத்தில் டிசம்பரில் இரண்டு பேரை பாஸ்டனுக்கு அனுப்பலாம்.

நேர்மையான கேள்வி. இங்கே நான் கொஞ்சம் உங்கள் பக்கம். டிசம்பர் தொடக்கத்தில் பாஸ்டன் பல்கலைக்கழக உள்ளரங்கத் தடத்தில் நடக்கும் 5,000 மீட்டர் வேகத்துக்குப் பேர் போனது. தடகளத்தில் எதிர்காலம் உள்ள நாலாம் ஆண்டு ஓட்டக்காரர் ஒருவருக்குச் சேற்றில் நூற்றி இருபதாவது வருவதைவிட அது மேல். ரீஜனலை விட்டுவிட்டு நேராக அந்தப் பயிற்சிக்குள் போகட்டும்.

ஆனால் அவருக்காக மற்ற ஆறு பேரையும் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். வேனில் போகும் தூரமென்றால் இளையவர்களை மட்டும் கூட்டிப் போங்கள். விமானம் ஏற வேண்டியிருந்தால் எனக்கும் தயக்கம்தான்.

ஓடும் மாணவி, நாலாம் ஆண்டு: என் கடைசி கிராஸ் கன்ட்ரி சீசன். இந்த வருடம் நன்றாக ஓடினேன், டீம்தான் விழுந்துவிட்டது. கோச் டீமையே அனுப்ப வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்வது?

தனியாகப் போகக் கேளுங்கள். ஒரு கல்லூரி ஒருவரை மட்டும் அனுப்பலாம். தேர்வாகாத டீம்களைச் சேர்ந்தவர்களில், ரீஜனலில் முதல் 25 இடத்துக்குள் வரும் முதல் நாலு பேருக்கு நேஷனலில் தனி இடம் உண்டு. ஒன்பது ரீஜனுக்கும் சேர்த்து 36, அதற்கு மேல் இன்னும் இரண்டு. டீம் விழுந்தாலும் உங்கள் வழி மூடவில்லை.

கோச்சிடம் போகும்போது "ப்ளீஸ் கோச்" என்று போகாதீர்கள். கான்ஃபரன்ஸில் உங்கள் நேரம், உங்களுக்கு முன்னால் வந்தவர்களில் எத்தனை பேர் உங்கள் ரீஜன், அவர்களில் எத்தனை பேருடைய டீம் எப்படியும் நேஷனலுக்குப் போகும் – இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த டீம் ஆட்களைக் கழித்துவிட்டால் உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பெயர் கொடுக்கும் கெடு பந்தயத்துக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும். நாளைப் பயிற்சி முடியும் வரை காத்திருக்காமல், இன்றைக்கே அவர் அறைக்குப் போய்விடுங்கள்.