மோசின்-நாகன் 91/30 ரைஃபிள்: பின்குறித் தகட்டை (குறி பார்க்க உதவும் பின்பக்கத் தகட்டை) கழற்ற

தகட்டைப் பிடித்திருக்கும் பின் (சிறு உலோகக் குச்சி) நகரவில்லை, ஆணி வைத்துத் தட்டினேன், கீறிவிட்டது என்கிறீர்கள். சரி, இனி ஆணியைத் தொடாதீர்கள். முதலில் துப்பாக்கியின் குண்டறையில் குண்டு இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் பின்னின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள்.

அடியில் இருக்கும் பட்டை ஸ்பிரிங் தகட்டை மேலே தள்ளுவதால்தான் பின் இறுகுகிறது. பின் இருக்கிற இடத்துக்கு நேர்மேலே தகட்டை அழுத்திக்கொண்டு, பின்னைவிடச் சற்றே மெல்லிய பஞ்ச்சால் (தட்டித் தள்ளும் எஃகுக் கம்பியால்) சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். குழலுக்கு அடியில் மரக்கட்டை கட்டாயம். திரும்ப மாட்டும்போதும் அதே அழுத்தம்தான், துளைகள் நேரானால் பின் தானாக நுழையும்.

தகடு உட்காரும் அடித்தளத்தை மட்டும் கழற்ற வேண்டாம், அது பெரும்பாலும் குழலோடு ஈயப் பற்று வைத்திருக்கும், சூடாக்கினால் இரும்பின் மேலிருக்கும் அந்தப் பழைய நீலப்பூச்சு கெட்டுப்போகலாம்.