பன்றிச் சாணத்தைச் சோதித்தால் புரதக் கணக்கு கிடைக்குமா?

கேள்வி: 20 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். தீவன மூட்டையில் கச்சாப் புரதம் 18 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் எடை ஏறவே மாட்டேன் என்கிறது. சாணத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால், தின்ற புரதத்தில் எவ்வளவு செரித்தது என்று தெரிந்துவிடாதா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: ஒரு எண் வரும், ஆனால் அதை நம்பித் தீவனத்தை மாற்றாதீர்கள். புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து பன்றியின் உடம்பில் சேருவது சிறுகுடலில்தான். அங்கே தப்பியதைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியா ஆக்கிவிடும், அது ரத்தத்தில் கலந்து யூரியாவாகி மூத்திரத்தோடு போய்விடும். ஆய்வகம் புரதத்தை அளப்பது அதிலுள்ள நைட்ரஜனை வைத்துத்தான். அது சாணத்தில் குறைவாகத் தெரியும், நாம் நன்றாகச் செரித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அதில் பன்றிக்குச் சதை பிடித்திருக்காது.

அதனால் ஆராய்ச்சிப் பண்ணைகளில் சிறுகுடல் முடிகிற இடத்திலேயே பிடிக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, அந்த இடத்தில் 'டி' வடிவக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வாயை விலாப் பக்கம் வெளியே கொண்டுவந்து மூடி போட்டு விடுவார்கள். புண் ஆறியதும் பன்றி வழக்கம்போலத் தின்னும், நடக்கும். சோதனைத் தீவனத்தை சுமார் 5 நாள் கொடுத்துப் பழக்கிவிட்டு, அடுத்த 2 நாள் மூடியைத் திறந்து பிளாஸ்டிக் பை கட்டுவார்கள். கூழ் மாதிரி வந்து விழும். அரை மணிக்கு ஒருமுறை பையை மாற்றி உடனே உறைய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள்ளேயே பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும்.

வருவதை முழுவதும் பிடிக்க முடியாதே, கணக்கு எப்படி? தீவனத்தில் குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைப் பொடியைக் கலந்துவிடுவார்கள், அது செரிக்காது. உலர் எடையில் கிலோவுக்கு 3 கிராம் கலந்தது கூழில் 12 கிராமாகத் தெரிந்தால், 4 கிலோ தீவனம் 1 கிலோவாகச் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த 4 கிலோவில், பன்றி வளர முக்கியமாகத் தேவைப்படும் அமினோ அமிலமான லைசின் 40 கிராம் இருந்து, கூழில் 8 கிராம் மிச்சம் என்றால் 32 கிராம் உள்ளே போயிருக்கிறது, அதாவது 80 சதவீதம். அப்புறம் ஒரு திருத்தம் உண்டு. பன்றியின் சொந்த நொதிகளும் குடல் சளியும் உதிர்ந்த செல்களும்கூட அந்தக் கூழில் இருக்கும். புரதமே இல்லாத தீவனம் கொடுத்து அதை அளந்து கழிப்பார்கள்.

சரி, உங்கள் மூட்டைக்கு வருவோம். கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய எண், அவ்வளவுதான். யூரியாவைக் கலந்தாலும் அந்த எண் ஏறும்! அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2012 அட்டவணைப்படி, சோயா பிண்ணாக்கில் உள்ள லைசினில் சுமார் 89 சதவீதம் செரிக்கும், மக்காச்சோளத்தில் 74, எத்தனால் ஆலையில் மிஞ்சும் மக்காச்சோளச் சக்கையை உலர்த்திய டிடிஜிஎஸ்ஸில் 61 மட்டுமே. டிடிஜிஎஸ்ஸை உலர்த்தும்போது சூடு அதிகமானால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு பன்றிக்குப் பயன்படாமல் போகும். விலை மலிவு என்று அதைத் தாராளமாகப் போட்டாலும் மூட்டையில் 18 என்றே அச்சடிக்கலாம்.

எனவே தீவனக்காரரிடம் கச்சாப் புரதத்தைக் கேட்காதீர்கள், செரிக்கும் லைசின் எவ்வளவு என்று கேளுங்கள். நீங்களே கலப்பவராக இருந்தால், டிடிஜிஎஸ் வாங்கும்போது ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பொன்னிறமாக இருந்தால் எடுங்கள், காப்பிப் பொடி நிறத்தில் கருகிய வாடை அடித்தால் வேண்டாம். சோயாவை முழுசாக வாங்கிப் போடுபவர் என்றால் நன்றாக வறுத்தே போடுங்கள், பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.