பியர்சனின் இடது கால்

வணக்கம் சார்,

பழைய நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயம்) பந்தயங்களின் பதிவுகளை நாங்கள் நாலு பேர் சேர்ந்து பார்ப்பது வழக்கம். போன வாரம் 1976 டேட்டோனா 500, அதாவது ஃப்ளோரிடாவின் டேட்டோனா தடத்தில் நடக்கும் 500 மைல் பந்தயம் பற்றிப் பேச்சு வந்தது. கடைசிச் சுற்றில் டேவிட் பியர்சன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து ரிச்சர்ட் பெட்டியை முன்னால் விட்டார் என்பது என் நினைவு. அப்படி நடக்கவே இல்லை என்கிறார் ஒரு நண்பர். பெட்டியின் வண்டியை அவருடைய ஆட்கள் தள்ளியதால் தகுதிநீக்கம் செய்தார்கள் என்கிறார் இன்னொருவர். மோதலுக்குப் பிறகு புல்தரையில் அடிதடி நடந்தது என்று சத்தியம் செய்கிறார் மூன்றாமவர். அந்த ஆண்டு இன்ஜினுக்குக் கூடுதல் திறன் தரும் நைட்ரஸ் வாயுவைப் போட்டு ஓட்டினார்கள் என்பது உண்மையா? எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சந்தேகம்: இரண்டு வண்டியும்தான் சுவரில் மோதி நொறுங்கின. ஒன்று மட்டும் எப்படி ஓடியது? வெறும் அதிர்ஷ்டம்தானே?

ஆர்.கே., கோவை

அன்புள்ள ஆர்.கே.,

நாலு பேருமாக மூன்று பந்தயங்களைக் கலந்துவிட்டீர்கள். மூன்றும் டேட்டோனா, மூன்றிலும் முடிவு கடைசிச் சுற்றில், மூன்றிலும் பெட்டி இருக்கிறார். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நீங்கள் சொல்லும் காட்சி நடந்தது 1974 ஜூலை 4 அன்று, ஃபயர்கிராக்கர் 400 பந்தயத்தில். முன்னால் போய்க்கொண்டிருந்த பியர்சன் கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக் கொடி விழுந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். இன்ஜின் போய்விட்டது என்று நினைத்த பெட்டி அவரைத் தாண்டிப் போனார். பியர்சன் பின்னாலேயே விரட்டி வந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் பெட்டியைத் தாண்டி ஜெயித்தார். பெட்டிக்கு அன்று வந்த கோபம் நியாயமானதே. பின்னால் வருபவன் முட்டியிருந்தால் இருவர் உயிருக்கும் ஆபத்து.

இந்தத் தந்திரத்தின் அடிப்படை காற்று. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் பத்து சதவீதம் கூட வேண்டுமானால் திறன் முப்பத்துமூன்று சதவீதம் கூட வேண்டும். முன்வண்டி கிழித்துவிட்ட காற்றில் ஒட்டிவருபவனுக்கு அந்தச் செலவு குறைவு. அதே வேகத்துக்கு முழுதும் மிதிக்க வேண்டியதில்லை, மீதி கையிருப்பு. அவன் சற்றே பின்தங்கி, பிறகு முழுதும் மிதித்து அந்த வெற்றிடத்துக்குள் ஓடிவந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகினால் முன்வண்டியால் எதுவும் செய்ய முடியாது. இதைத்தான் ஸ்லிங்ஷாட் என்கிறார்கள். அந்தக் காலத்து டேட்டோனாவில் கடைசிச் சுற்றை முதலிடத்தில் தொடங்குவது கழுத்துக்குக் கத்தி.

1976 பிப்ரவரி 15 அன்று அந்தக் கத்தி பெட்டியின் கழுத்தில் இருந்தது. பெட்டியிடம் 43ஆம் எண் டாட்ஜ் சார்ஜர், நீலமும், விளம்பரதாரர் எஸ்டிபியின் சிவப்பும். பியர்சனிடம் வுட் பிரதர்ஸ் குழுவின் 21ஆம் எண் மெர்க்குரி. நாலு திருப்பங்கள் கொண்ட வளையத் தடத்தின் பின்பக்க நேர்தடத்தின் முடிவில் பியர்சன் விலகி, மூன்றாம் திருப்பத்துக்குள் நுழையும்போதே பெட்டியைத் தாண்டிவிட்டார். ஆனால் ஸ்லிங்ஷாட் தந்த உபரி வேகம் அவர் வண்டியை, உள்பக்கமாகச் சரிந்திருக்கும் தடத்தின் மேற்பக்கம் இழுத்தது. கீழே இடம் திறந்தது. பெட்டி அங்கே மூக்கை நுழைத்தார்.

நாலாம் திருப்பத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். தடத்தின் சரிவு அங்கே 31 டிகிரி. திருப்பம் முடிந்து வெளியேறும்போது அது குறையும். கீழ்க்கோட்டில் வருபவனுக்கு வளைவின் ஆரம் சிறியது, அதே வேகத்துக்கு டயர் அதிகம் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வண்டி மேல்நோக்கி ஒதுங்கும். பெட்டியின் வண்டி ஒதுங்கியது. பியர்சனை முழுதாகத் தாண்டவில்லை. அவருடைய வலது பின்மூலை பியர்சனின் இடது முன்மூலையில் தட்டியது. மணிக்கு 180 மைல், அதாவது 290 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி நீளத்தைக் கடக்க ஆகும் நேரம் விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. இன்றைக்கு இருப்பதுபோலக் கூரைமேல் நின்று ‘தாண்டிட்டே’ என்று காதில் சொல்ல ஸ்பாட்டர் கிடையாது. இதில் வேண்டுமென்றே இடிப்பதற்கு அவகாசம் ஏது? பெட்டி தவறைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார், அது சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. கணக்குத் தப்பியது, அவ்வளவுதான்.

பியர்சன் நேராக மூக்கால் சுவரில் மோதினார். பெட்டி ஆடி ஆடி நிமிர்த்தப் பார்த்து, முடியாமல், அவரும் சுவரில் மோதிச் சறுக்கி உள்பக்கப் புல்தரையில் வந்து நின்றார். கோட்டுக்குக் கூப்பிடு தூரம். பியர்சனின் வண்டி சுழன்றபடி கீழே இறங்கி, பெட்ரோல், டயர் மாற்ற வண்டிகள் ஒதுங்கும் பிட் பாதையின் வாயில் அருகே வந்துகொண்டிருந்த ஜோ ஃப்ராசனின் வண்டியில் இடித்தது. அந்த இடி அவர் சறுக்கலை முறித்தது. அதிர்ஷ்டம் என்று கேட்டீர்களே, அது இந்த இடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மற்றது கிளட்ச். நேர்தடத்தில் ஓடும் வண்டி நாலாம் கியரில் இருக்கிறது. பின்சக்கரம், ஆக்சில், புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், கிளட்ச், கிராங்க்ஷாஃப்ட் எல்லாம் ஒரே கோர்வை. வண்டி சுழன்றால் பின்சக்கரம் நிற்கும், சில சமயம் எதிர்ப்பக்கம் உருளும். கோர்வை அறுபடாமல் இருந்தால் சக்கரத்தோடு சேர்ந்து கிராங்கும் நின்றுவிடும். இன்ஜின் அந்தக் கணமே செத்துப்போகும். சுவரை நோக்கிப் போகும்போது மனிதனின் இரண்டு காலும் தன்னால் பிரேக்கைத்தான் தேடும். பியர்சனின் இடது கால் கிளட்சை அழுத்தித் தரையோடு வைத்திருந்தது.

அதுமட்டும் போதாது. ரேஸ் இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் உச்சச் சுழற்சிக்காகச் செதுக்கப்பட்டது. நம் தெருவண்டிபோல அது தானாக ஐட்லிங்கில் நிற்காது. காலை முழுதாக எடுத்தால் தும்மித் தும்மி அணைந்துவிடும். ஆகவே இடது காலில் கிளட்ச், வலது காலில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர், இரண்டையும் சுவரில் மோதும்போதும் சுழலும்போதும் ஃப்ராசன்மீது இடிக்கும்போதும் விடாமல் பிடிக்க வேண்டும். பியர்சன் அதைச் செய்துகொண்டே ரேடியோவில், பெட்டி கோட்டைத் தாண்டிவிட்டாரா என்று தன் ஆட்களிடம் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டார். மெல்ல என்பது முக்கியம்: பள்ளமில்லாத வழுவழு டயர் புல்லில் பிடிக்காது, வெடுக்கென்று விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்பக்கம் உள்ளே போயிருந்தது. ரேடியேட்டர் போனாலும் பரவாயில்லை. தண்ணீரில்லாமல் ஒரு வி-8 ஓரிரு நிமிடம் தாங்கும். அவருக்கு அதற்கும் குறைவாகவே வேண்டியிருந்தது. சைக்கிளில் விரட்டினால் பிடித்துவிடலாம் என்கிற வேகத்தில் ஊர்ந்து முடிவுக் கொடியை வாங்கினார். அவர் ஜெயித்த ஒரே டேட்டோனா 500 அதுதான்.

பெட்டியின் இன்ஜின் அணைந்துவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். 500 மைல் ஓடிக் கொதிக்கும் உயர்-கம்ப்ரஷன் இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டருக்கே மூச்சு முட்டும். போதாததற்கு, வண்டி சுழலும்போது கார்புரேட்டரின் கிண்ணங்களிலிருந்து பெட்ரோல் தளும்பி உள்ளே இறங்கிவிடும். கலவை அளவுக்கு மீறிச் செறிந்து பிளக் நனைந்துபோகும். அதற்கு வைத்தியம் உண்டு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் வெளியேறும்வரை விடாமல் கிராங்க் செய்ய வேண்டும். பொறுமையாகச் செய்கிற காரியம். பக்கத்தில் எதிராளி உருண்டு போய்க்கொண்டிருக்கும்போது அதற்கு நேரமில்லை.

தள்ளிய விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. பெட்டியின் ஆட்கள் ஓடிவந்து தள்ளினார்கள், உண்மை. வண்டி சொந்த பலத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் அந்தச் சுற்று கணக்கில் சேரவில்லை. தகுதிநீக்கமெல்லாம் இல்லை. ஒரு சுற்று குறைந்தும் பெட்டிக்கு இரண்டாமிடம் கிடைத்தது. மூன்றாவதாக வந்த பென்னி பார்சன்ஸும் பியர்சனைவிட ஒரு சுற்று பின்னால்தான்.

நைட்ரஸ் கதை, பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச்சுற்றைச் சேர்ந்தது. ஏ.ஜே. ஃபாய்ட் மணிக்கு 187 மைலைத் தாண்டி முதலிடம் பிடித்திருந்தார். பரிசோதனைக்குப் பிறகு அவருடைய நேரமும் டாரல் வால்ட்ரிப்பின் நேரமும் ரத்தாயின. டேவ் மார்சிஸின் நேரத்தையும் ரேடியேட்டரை அடைத்ததற்காக எடுத்துவிட்டார்கள். முதல் இடம் யாரும் எதிர்பாராத ரேமோ ஸ்டாட்டுக்குப் போனது. நைட்ரஸ் ஆக்சைடு சூட்டில் பிரிந்து ஆக்சிஜனை விடும், ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கும். கூடவே பெட்ரோலும் கூடிப் போனால் திறன் எகிறும். பெட்ரோல் போதாவிட்டால் பிஸ்டன் உருகும். ரேடியேட்டரை அடைப்பது இன்னும் எளிய வேலை. முகப்பு வழியாகக் காற்று உள்ளே போகாவிட்டால் தடை குறைந்து வேகம் கூடும், சில சுற்றுகளில் இன்ஜின் கொதித்துவிடும். இரண்டுமே ஓரிரு சுற்றுக்கு உதவும், 200 சுற்றுக்கு உதவாது. ஆகவே பந்தயத்தையே நைட்ரஸில் ஓட்டினார்கள் என்பது தப்பு. வேடிக்கை என்னவென்றால், நேரம் பறிபோன மார்சிஸும் வால்ட்ரிப்பும் அந்த வாரமே நடந்த 125 மைல் தகுதிப் பந்தயங்களை ஆளுக்கொன்றாக ஜெயித்தார்கள்.

அடிதடி 1979 பிப்ரவரி 18. தொடக்கம் முதல் முடிவுவரை சிபிஎஸ் நேரலையில் காட்டிய பந்தயம். கடைசிச் சுற்றில் முதலிடத்தில் டானி அலிசன், பின்னால் கேல் யார்பரோ. பின்பக்க நேர்தடத்தில் கேல் கீழ்ப்பக்கம் விலக, டானி வழியை அடைக்க, கேலின் இடப்பக்கச் சக்கரங்கள் ஈரப் புல்லில் இறங்கின. இருவரும் இடித்துக்கொண்டே போய் மூன்றாம் திருப்பச் சுவரில் மோதினார்கள். டானியின் அண்ணன் பாபி வண்டியை நிறுத்தி இறங்கிவர, கைகலப்பானது. அரைச்சுற்று பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவர் வால்ட்ரிப்பை ஒரு வண்டி நீளத்தில் முந்திப் பந்தயத்தை ஜெயித்தார். அவர் பெட்டி. உங்கள் மூன்றாம் நண்பரின் குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை 1974, 1976, 1979 என்ற வரிசையில் போட்டுப் பாருங்கள். 1976இல் மட்டும் கடைசி ஒரு நிமிடத்தை ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு தடவை ஓட்டுங்கள், முதலில் 43ஐ மட்டும் பார்த்து, பிறகு 21ஐ மட்டும் பார்த்து.