இணையம் இல்லாத ஜூன் 30

அன்புள்ள எழுத்தாளருக்கு,

2011ல் எகிப்தில் முபாரக், 2019ல் சூடானில் பஷீர். இருவரையும் கவிழ்த்தது ஃபேஸ்புக்தான் என்கிறான் ஐடியில் வேலை பார்க்கும் என் தம்பி. 2024ல் கென்யாவின் நிதி மசோதாவில் கையெழுத்திட அதிபர் மறுத்ததற்கும் எக்ஸும் டிக்டாக்கும்தான் காரணமாம். "இல்லாவிட்டால் அரசாங்கங்கள் ஏன் முதல் வேலையாக இணையத்தை நிறுத்துகின்றன?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இணையம் வந்தால் ஆட்சி மாறிவிடுமா?

கே.

அன்புள்ள கே.,

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. கென்யாவைத் தனியாகத்தான் பேசவேண்டும். சூடானை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அங்கே இந்தக் கேள்விக்கு நேரடியாகவே ஒரு சோதனை நடந்திருக்கிறது.

2018 டிசம்பர் 19, அத்பரா. ரயில்வே ஊர், பழைய தொழிற்சங்கங்களின் ஊர். ஒரு பவுண்டுக்கு (சூடான் நாணயம்) விற்ற ரொட்டி மூன்று பவுண்டு ஆனதும் தெருவில் இறங்கியவர்கள் ஆளுங்கட்சி அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். சில நாட்களிலேயே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. சனங்கள் விபிஎன், அதாவது தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் செயலி, போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அப்புறம் நடந்ததில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மருத்துவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த தொழில்முறையாளர் சங்கம், என்றைக்கு எங்கே ஊர்வலம் என்பதை அதில்தான் அறிவித்தது. 'தஸ்குத் பஸ்' என்ற முழக்கம் ஹேஷ்டேக் ஆனது. 'விழட்டும், அவ்வளவுதான்' என்று சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பெண்கள் மட்டும் இருந்த ஒரு ஃபேஸ்புக் குழு. மனதுக்குப் பிடித்த பையனின் படத்தைப் போட்டு, ஆள் யோக்கியன்தானா என்று விசாரிக்க ஆரம்பித்தது. போராட்டம் வந்ததும் அந்தத் துப்பறியும் திறமையை, மஃப்டியில் வந்து அடித்த உளவுத்துறை ஆட்கள் பக்கம் திருப்பினார்கள். படத்தைப் போட்டால் போதும், பெயரும் முகவரியும் வந்து விழுந்தன. அடிக்க வந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

2019 ஏப்ரல் 6ல் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் முன் கூட்டம் உட்கார்ந்தது. 11ல் பஷீர் போனார். தம்பி கதையை இங்கேயே நிறுத்திவிட்டார் போல.

பஷீர் போனாலும் தளபதிகள் போகவில்லை. உட்கார்ந்தவர்களும் எழுந்திருக்கவில்லை. ஜூன் 3 விடியற்காலை, ரமலான் முடியும் தறுவாயில், ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படை அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள் என்றது மருத்துவர்களின் கணக்கு. அன்றே இணையமும் போயிற்று. கைபேசி இணையத்தையே அணைத்துவிட்டால் விபிஎன் என்ன செய்யும்? ஐந்து வாரம் அப்படியே. (நடுவில் ஒரு வழக்கறிஞர் தொலைபேசி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். தன் பெயரில் மட்டும் போட்டிருந்ததால் இணைப்பும் அவருக்கு மட்டும் வந்தது. மறுபடி நீதிமன்றம் போனார்.)

அந்த இருட்டுக்குள்தான் ஜூன் 30 ஊர்வலம். 1989ல் பஷீர் ஆட்சியைப் பிடித்த அதே தேதி. பத்து லட்சம் பேர் ஊர்வலம் என்று பெயர் வைத்து அழைத்தார்கள். குறுஞ்செய்தி, துண்டுப் பிரசுரம், சுவரெழுத்து, வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பேசுவது. இதைச் செய்தவை பேட்டைதோறும் இருந்த எதிர்ப்புக் குழுக்கள். 2013 போராட்டத்தின்போது முளைத்தவை, அந்தந்தத் தெருப் பையன்களும் பெண்களும்தான். ஒரு ஹேஷ்டேக் இல்லாமல் பல ஊர்களில் பெருங்கூட்டம் திரண்டது. ஒரு வாரத்துக்குள் தளபதிகள் போராட்டத் தரப்போடு ஆட்சியைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள். யோசித்துப் பார்த்தால் இது அதிசயமே இல்லை. 1964லும் 1985லும் ராணுவ ஆட்சிகளை இதேபோலத் தெருவில் இறங்கிக் கவிழ்த்த ஊர்தான் அது.

அப்படியானால் ஏன் நிறுத்துகிறார்கள்? ஜூலையில் இணையம் திரும்பியதும் ஜூன் 3ன் காணொளிகள் வெளியே கொட்டின. படையினரே எடுத்தவையும் அதில் இருந்தன. அந்த ஐந்து வாரமும் உலகம் பார்க்காமல் இருந்தது அவற்றைத்தான். கூட்டம் சேர்வதைத் தடுக்க இணையத்தை நிறுத்துகிறார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது, கூட்டத்தை என்ன செய்தோம் என்பதை மறைப்பதுதான் முதல் நோக்கம் என்று படுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இணையம் வந்ததால் அங்கே ஆட்சி மாறவில்லை. மாறிய ஆட்சியும் நிற்கவில்லை. 2021 அக்டோபரில் ராணுவம் மறுபடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 2023 ஏப்ரலில் ராணுவமும் அந்தத் துணைப்படையும் தங்களுக்குள் போரே தொடங்கிவிட்டன. அந்தப் பேட்டைக் குழுக்களில் பலர் இப்போது அவசர உதவிக் குழுக்களாகிப் பொதுச் சமையலறை நடத்துகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் 'பன்காக்' என்ற வங்கிச் செயலியில் பணம் அனுப்புவார்கள், அதில் பருப்பும் எண்ணெயும் வாங்குவார்கள். 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொடர்பு அறுந்தபோது ஊர்வலம் எதுவும் நிற்கவில்லை, நடக்கவே ஊர்வலம் இல்லை. கார்ட்டூமில் பல அடுப்புகள் அணைந்தன.