ஸ்டேடியம் எங்கே வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நகர நடுவில் கட்டு என்கிறது ஒரு கட்சி, புறநகரில் கட்டு என்கிறது இன்னொன்று. இருவர் கையிலும் நிபுணர் அறிக்கை. எதை நம்புவது?

பதில்: முடிவுரையை விடுங்கள், மதிப்பெண் அட்டவணையைப் பாருங்கள். போக்குவரத்துக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு, செலவுக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணைப் பங்கிட்டிருப்பார்கள். அந்தப் பங்கீடு எந்தத் தேதியில் முடிவானது என்று கேளுங்கள். இடங்களின் பட்டியல் கைக்கு வந்த பிறகு என்றால் சந்தேகப்படலாம். போக்குவரத்தில் பத்தைக் குறைத்து நில விலையில் கூட்டினாலே புறநகர் முந்திவிடும்.

அடுத்தது செலவு. இரண்டு இடத்துக்கும் ஒரே ஆண்டின் விலைவாசியில் கணக்குப் போட்டிருக்கிறார்களா? அணுகுசாலை, மேம்பாலம், மின்பாதை, மழைநீர் வடிகால் எல்லாம் சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் இவை வேறு துறையின் கணக்கில் ஒளிந்திருக்கும். 'அரசு நிலம், இலவசம்' என்றால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பழைய தொழிற்சாலையோ குப்பைமேடோ என்றால் நச்சு மண்ணை அகற்றவும் அடித்தளத் தூண்களை (பைல்) ஆழமாக இறக்கவும் ஆகும் செலவில் இலவசம் கரைந்துவிடும்.

கேள்வி: புறநகரில் இடம் தாராளமாயிற்றே, நெரிசல் வராதுதானே?

பதில்: 40,000 இருக்கை என்று வையுங்கள். பாதிப் பேர் ரயிலில் போவதானால், ரயிலுக்கு 1,000 பேர், 4 நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் கடைசி ஆள் ஏற 80 நிமிடம். 10,000 பேர் காரில், காருக்கு மூவர் என்றால் சுமார் 3,300 கார்கள். வந்துபோகும் வழியோடு காருக்கு 25 சதுர மீட்டர் என்றால் 20 ஏக்கர். 105க்கு 68 மீட்டர் கால்பந்து ஆடுகளமோ ஒன்றே முக்கால் ஏக்கர்தான்!

நகர நடுவில் சிக்கல் வேறு. பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, 8 நிமிடத்துக்குள் பார்வையாளர் பகுதியிலிருந்து வெளியேற வேண்டும் என்கிறது. சமதளத்தில் மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர்தான் கணக்கு. 40,000 பேருக்கு மொத்தம் 61 மீட்டர் வழி. வரைபடத்தில் அதைக் காட்டிவிடுவார்கள்; அந்தக் கூட்டம் போய் நிற்கும் தெருவைத்தான் காட்டமாட்டார்கள்.

கேள்வி: தேர்தல் வாக்குறுதியை நம்பலாமா?

பதில்: ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைப் பாருங்கள். 2032 ஒலிம்பிக்குக்கு அங்குள்ள பழைய கிரிக்கெட் அரங்கான கபா மைதானத்தை இடித்துக் கட்டுவதாக இருந்தது. 2023-இல் அதன் மதிப்பீடு 270 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2024 மார்ச்சில் ஆய்வுக்குழு ஒன்று விக்டோரியா பூங்காவைப் பரிந்துரைத்தது, அரசு அதை நிராகரித்தது. அக்டோபர் மாநிலத் தேர்தலில் 'புதிய ஸ்டேடியம் இல்லை' என்று சொல்லி வென்று முதல்வரான டேவிட் கிரிசஃபுலி, 2025 மார்ச்சில் அதே பூங்காவில் 63,000 இருக்கை அரங்கை அறிவித்தார். ஒலிம்பிக் கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதிச் சட்டங்களிலிருந்து விலக்கும் அதே ஆண்டில் வந்தது. வழக்குப் போடும் வாசல் அப்படித்தான் சுருங்கும். தேதி நெருங்க நெருங்க, ஆட்சேபத்துக்கான அவகாசம்தான் முதலில் வெட்டப்படும்.

கேள்வி: அப்படியானால் எதிர்ப்பு எங்கே பலிக்கும்?

பதில்: பணத்துக்குக் கையெழுத்து விழும் மேசையில். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், மேற்கு ஓரத்தில் கட்டவிருந்த ஸ்டேடியத்துக்கு மேயர், ஆளுநர் இருவருடைய ஆதரவும் இருந்தது. ஆனால் மாநிலத்தின் 30 கோடி டாலரை விடுவிக்க, மூவர் வாரியம் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 2005 ஜூனில் அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை. திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. உங்கள் ஊரில் அந்தக் கையெழுத்து யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள், ஊர்வலம் பிறகு.