எம்பி3 அளவு 33.33 பைட் என்று வருவது ஏன்?

மூன்று நிமிட, 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 1,28,000 பிட்) எம்பி3 பாட்டுக் கோப்பின் அளவை எக்செல்லில் கணக்கிட்டால் 33.33 பைட் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். விநாடிகள் × விநாடிக்கான பிட் ÷ 8 (8 பிட் ஒரு பைட்) என்ற சூத்திரம் சரிதான், நேரம் இருக்கும் கட்டம்தான் ஏமாற்றுகிறது. 0:03:00 என்பதை எக்செல் 180 விநாடியாக வைத்துக்கொள்ளாது. ஒரு நாளின் பின்னமாக, அதாவது சுமார் 0.00208 ஆக வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தை ஒரு நாளின் விநாடிகளான 86,400-ஆல் பெருக்குங்கள். அப்புறம் 180 × 1,28,000 ÷ 8, மொத்தம் 28,80,000 பைட். வெறும் 3:00 என்று தட்டினால் மூன்று மணி நேரமாகிவிடும். நானும் அதில் மாட்டியிருக்கிறேன்.

சிடி தரத்தில் உள்ள, சுருக்காத வேவ் கோப்பு விநாடிக்கு 44,100 மாதிரி × 16 பிட் × 2 சேனல், ஆகவே இந்த எம்பி3-யின் சுருக்க விகிதம் சுமார் 11. உண்மைக் கோப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் பதற வேண்டாம், பாடல் பெயரும் அட்டைப்படமும் உள்ளே இருக்கலாம். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பை மட்டும் இந்தச் சூத்திரத்தில் போடாதீர்கள், அதன் அளவு ஒலியைப் பொறுத்து மாறும்.